குட்டைக் கொலம்பைன்: ஒன்ராறியோ வளவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதத்தில் ரொறன்ரோ பக்கத்து நாற்றுக்கடை எதற்குப் போனாலும் கொலம்பைன் சாடிகளை வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள். நீலமும் வெள்ளையும் கலந்து, தலை குனிந்து, ஐந்து தேன்குழல்களைப் பின்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற பூவைப் பார்த்தால் யாருக்கும் கை போகும். வாங்கிவந்து, கத்தரியும் மிளகாயும் வைக்கிற பாத்தியின் ஓரத்தில் நடுவோம். அவற்றுக்குப் போடுகிற கோழி எருவை இதற்கும் போடுவோம். நாள் தவறாமல் தண்ணீர் விடுவோம். அடுத்த வசந்தத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். "குளிர் தாங்கவில்லை" என்று சொல்லிவிட்டு வேறு கன்று வாங்கப் போவோம்.

குளிர் இதைக் கொல்வதில்லை. சைபருக்குக் கீழே முப்பது பாகை போனாலும் வேரோடு உறங்கிக் கிடந்து ஏப்ரலில் எழும்புகிற கன்று இது. குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தேங்குகிற ஈரமும், தேவைக்கு மேல் கொடுத்த பசளையும்தான் அதற்கு யமன். குட்டை வகைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கொழுத்த மண்ணில் அது குட்டையாகவும் இருக்காது, நெடுநாள் வாழவும் செய்யாது.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வாரங்கள் நல்ல குளிரில் கிடந்தால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். நம் ஊர் வெயிலில் முளைத்தாலும் நிலைக்காது. இணையத்தில் விற்கிற விதைப் பொட்டலத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். கீழே உள்ளதெல்லாம் தெற்கு ஒன்ராறியோவை மனதில் வைத்து எழுதியது. மொன்றியலில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் பின்னுக்கும், இங்கிலாந்தின் இலண்டனில் இருப்பவர்கள் சில வாரம் முன்னுக்கும் தள்ளிக் கணக்குப் போடலாம்.

எதை வாங்குவது

கொலம்பைன் என்று நாம் சொல்வது அக்குவிலீஜியா என்ற பேரினம். வடகோளத்தின் குளிர்நாடுகளில் அறுபது எழுபது இனங்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று கூச்சமில்லாமல் கலக்கும். அதனால் கடையில் கிடைக்கிற வகைகளுக்குக் கணக்கில்லை. "கொலம்பைன்" என்று மட்டும் எழுதிய சாடியை வாங்கினால் அது முழங்காலைத் தாண்டி வளருமா, கணுக்காலோடு நிற்குமா என்று யாராலும் சொல்லமுடியாது. 'மக்கானா' என்ற பழைய வகை முக்கால் மீற்றருக்கு மேல் போகும். நல்ல பூதான், ஆனால் நம் பேச்சு அதைப் பற்றியல்ல.

உண்மையான குட்டைகளில் முதலிடம் ஜப்பான், கொரியா பக்கத்து அக்குவிலீஜியா பிளபெல்லாற்றாவுக்கு. 'கமியோ' என்ற வரிசை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரம். 'மினிஸ்ரார்' அதைவிடக் கொஞ்சம் கூட. 'நானா அல்பா' தூய வெள்ளை. இவற்றின் இலை தடிப்பாக, நீலச் சாம்பல் நிறத்தில், மெழுகு பூசினாற்போல் இருக்கும். காலையில் பனித்துளி அதன்மேல் சேம்பிலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். பூ முடிந்தபிறகும் இந்த இலை அழகாகவே இருக்கும். இதுதான் என் முதல் பரிந்துரை. மற்ற வகைகளுக்கு முன்பே, மே தொடக்கத்தில் பூத்துவிடும். ஆயுளும் சற்று அதிகம்.

இரண்டாவது, இந்த மண்ணுக்கே உரிய அக்குவிலீஜியா கனடென்சிஸ். சிவப்புக் குழல், மஞ்சள் வாய். நயாகரா மலைச்சரிவின் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் தானாகவே முளைத்து நிற்பதைப் புரூஸ் நடைபாதையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். காட்டு வகை ஒன்றரை, இரண்டு அடி வளரும். அதிலிருந்து தெரிந்தெடுத்த 'லிற்றில் லான்ரேன்ஸ்' ஓர் அடிக்குள் நிற்கும். மேரிலாந்து மாநிலத்தில் கண்டெடுத்த 'கோர்பெற்' வெளிர்மஞ்சள், உயரம் சற்றுக் கூட. மே மாதத் தொடக்கத்தில் தெற்கிலிருந்து வந்து சேர்கிற செங்கழுத்து ஹம்மிங் பறவைக்கு இந்தப் பூவின் தேன்தான் முதல் சாப்பாடுகளில் ஒன்று. பறவையைப் பார்க்க ஆசை இருந்தால் நீலத்தை விட்டுவிட்டு இதை வையுங்கள்.

மூன்றாவது, ஐரோப்பிய வல்காரிஸிலிருந்து வளர்ப்பாளர்கள் உருவாக்கிய குட்டைகள்: 'விங்கி', 'கிளமென்ரைன்', 'பீடர்மையர்'. எல்லாம் 30 முதல் 40 சென்ரிமீற்றர். கலப்பின வரிசைகளில் 'ஏர்லிபேர்ட்' இன்னும் குள்ளம். இவற்றில் பலவற்றின் பூ வானத்தைப் பார்த்து நிற்கும், இதழும் அடுக்கடுக்காக இருக்கும். சாடியில் வைத்துக் கிட்ட நின்று பார்க்க அது வசதிதான். எனக்கென்னவோ குனிந்த பூதான் கொலம்பைன். குனிந்திருப்பதால்தான் மழை உள்ளே விழாமல் மகரந்தம் தப்புகிறது. அடுக்கிதழ் மேல்நோக்கிப் பூத்தால் ஒரு மழைக்கே நனைந்த துணியாகிவிடும்.

மலையுச்சிக் குள்ளர்களும் உண்டு. ரொக்கி மலையின் சாக்சிமொன்ரானா, தெற்கு பிரான்சிலும் வடமேற்கு இத்தாலியிலும் வளரும் பெர்த்தொலோனி, அல்பேர்ட்டாவிலும் மொன்ரானாவிலும் சுண்ணாம்புச் சரளையில் விரலளவுக்கு நிற்கிற ஜோன்ஸி. கடைசியாகச் சொன்னது கைதேர்ந்தவர்களையே அழவைக்கும். முதல் இரண்டையும் கல்தொட்டியில் முயன்று பார்க்கலாம். நாற்றுக்கடையில் அகப்படாது, விதையிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

வாங்கும்போது பூ நிறைந்த பெரிய சாடியைத் தூக்காதீர்கள். கொலம்பைனின் வேர் கரட்டைப் போலக் கீழ்நோக்கிப் போகிற ஆணிவேர். வயதுபோன கன்றுக்கு இடமாற்றம் பிடிக்காது. மொட்டு மட்டும் தெரிகிற சிறு சாடிதான் நல்லது. இலையை மேலே தூக்கி நடுத்தண்டு தொடங்குகிற இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருக்கவேண்டும், கறுத்தோ வழுக்கியோ இருக்கக்கூடாது. இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. லேபலில் போட்டிருக்கும் உயரம் பூத்தண்டோடு சேர்ந்த உயரம். இலைக்கொத்து அதில் பாதிதான் இருக்கும்.

பூங்காவிலோ மலைச்சரிவிலோ நிற்கிற காட்டுக் கன்றைக் கிண்டிக்கொண்டு வரும் எண்ணம் வேண்டாம். ஆணிவேர் அறுந்து அது எப்படியும் சாகும். நீலக் கொலம்பைனை 1899இல் மாநிலப் பூவாக அறிவித்த கொலராடோ, மக்கள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து 1925இல் அரச நிலத்தில் அதைப் பறிப்பதற்கே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தவேண்டி வந்தது.

இடம்

காலை வெயில், பின்னேர நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். இலையுதிர் மரத்தின் கீழும் நன்று. இலை விரியுமுன் வசந்த வெயில் கிடைக்கும், யூலையில் நிழல் கிடைக்கும். நாள் முழுக்க நிழல் விழுகிற வடக்குச் சுவரோரம் வைத்தால் குட்டை வகையும் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டும், தண்டு சாயும். "குட்டை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். நாலைந்து மணி நேரம் போதும்.

டிரைவே ஓரத்தில் வைக்கவேண்டாம். குளிர்காலத்தில் உப்புக் கலந்த ஸ்நோவை அள்ளி எறிகிற இடம் அது. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் வாயும் சரிவராது. பாத்தியின் முன்வரிசை, படிக்கட்டு ஓரம், கல் அடுக்கிய சரிவு ஆகியவைதான் குட்டைகளுக்குச் சரியான இடம். பின்னால் வைத்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஹோஸ்ராவை வைக்காதீர்கள். யூனில் அதன் இலை விரிந்து இதை மூடிவிடும். தரையில் படர்கிற பிளொக்ஸ், டயாந்தஸ், ஹியூக்கெரா போன்ற அடக்கமான அயலவர்கள் ஒத்துப்போவார்கள்.

மண்: நேரம் செலவழிக்கவேண்டிய இடம்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துப் பின்வளவுகளில் பலது களிமண். புதிதாகக் கட்டிய குடியிருப்பென்றால் நிலைமை இன்னும் மோசம். கட்டுமானத்தின்போது மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, இயந்திரம் ஓடி இறுகிய களிமேல் நாலு விரல் மண்ணும் புல்பாயும் விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே ஒரு கிடங்கு வெட்டி, நல்ல மண் நிரப்பிக் கொலம்பைனை வைத்தால், அந்தக் கிடங்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கிணறுதான்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி மணி பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் கவலையில்லை. அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் நிலத்துக்குள் நடுகிற யோசனையை விட்டுவிட்டு நிலத்துக்கு மேலே எழும்புங்கள்.

களியில் மெல்லிய மணலைக் கலந்தால் இளகும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்ச மணல் கலந்த களி காய்ந்தால் செங்கல்தான். அதற்குப் பதிலாக, கல்லை விளிம்பாக அடுக்கி 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். அதற்குள் சாதாரணத் தோட்டமண் இரண்டு பங்கு, கரடான குறுணிக்கல் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அல்லது பைன் பட்டைத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். குறுணிக்கல்லுக்குப் பண்ணைத் தீவனக் கடையில் கோழிகளுக்கென்று விற்கிற கருங்கல் குறுணி நல்லது. கல்தோட்டக்காரர்கள் பலர் அதைத்தான் மூட்டையாக வாங்குகிறார்கள், தோட்டக்கடையில் சிறு பையில் விற்பதைவிட மலிவு. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக வரவேண்டும், விரலால் தட்டினால் உடனே உதிரவேண்டும். அதுதான் பதம்.

மண்ணின் புளிப்புக் கார அளவை (pH) பற்றித் தலையை உடைக்கத் தேவையில்லை. 6 முதல் 7 வரை இருந்தால் எல்லா வகைக்கும் போதும். கனடென்சிஸ் சுண்ணாம்பு மண்ணிலும் கவலைப்படாது.

நடுகை

சாடிக்கன்றை ஏப்ரல் கடைசியிலேயே நடலாம். தக்காளி போல மே பிற்பகுதியில் வருகிற விக்ரோரியா டே விடுமுறை வரை காத்திருக்கவேண்டாம். கடையின் கண்ணாடிக்கூடத்துக்குள் வளர்ந்த மெல்லிய இலை என்றால் மட்டும், ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் கராஜுக்குள் என்று பழக்குங்கள். வசந்தத்தில் தவறவிட்டவர்கள் செப்ரெம்பர் நடுவுக்குள் நட்டுவிடவேண்டும். ஒக்ரோபரில் நட்டால் வேர்பிடிக்கக் காலம் இருக்காது, உறைபனி கன்றையே நிலத்திலிருந்து கிளப்பிவிடும்.

நடுமுன் சாடியோடு தண்ணீரில் பத்து நிமிடம் இறக்கிவையுங்கள். கிடங்கு வேர்க்கட்டியின் ஆழம், அதன் இரண்டு மடங்கு அகலம். கன்றைத் தண்டில் பிடித்து இழுக்காமல், சாடியைக் கவிழ்த்துத் தட்டி எடுங்கள். தக்காளிக்குச் செய்வதுபோல் வேரைக் கலைத்துப் பிரிக்கக்கூடாது. ஆணிவேர் முறிந்தால் கன்று மாதக்கணக்கில் முகம் கோணிக்கொண்டு நிற்கும்.

இலைகள் புறப்படுகிற அந்த நடுமொட்டு மண்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். மண் பின்னர் அமரும். புதைத்து நட்ட கொலம்பைன் முதல் குளிர்காலத்திலேயே கழுத்தழுகிப் போகும், காரணமும் வெளியே தெரியாது. நட்டபின் கழுத்தைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறுணிக்கல்லைப் போடுங்கள். மழைத்தண்ணீர் கழுத்தில் நிற்காமல் இறங்கும், மண் தெறித்து இலையில் ஒட்டாது. சாயம் போட்ட மரச்சீவலைக் கன்றின்மேல் ஒட்டக் குவிப்பதை இங்கே தோட்டவேலைக்கு வருகிறவர்கள் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இடைவெளி 20 முதல் 25 சென்ரிமீற்றர். ஒற்றைக் கன்று எடுபடாது. ஒரே வகையில் மூன்று அல்லது ஐந்தைக் கூட்டமாக வையுங்கள். ஏன் ஒரே வகை என்பது விதைப் பகுதியில் தெரியும்.

தண்ணீரும் பசளையும்

முதல் கோடையில் வாரம் ஒருமுறை, மண் ஆழம்வரை நனைய, அடியில் ஊற்றுங்கள். மழை பெய்த வாரம் விட்டுவிடுங்கள். நாளுக்கு நாள் மேலால் தெளிக்கிற தண்ணீர் வேரை மேலேயே தங்கவைக்கும், இலையில் பூஞ்சையை வரவழைக்கும். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வாளியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நீண்ட வறட்சி வந்தால் மட்டும் போதும். யூலைக் கடைசியில் வெக்கை ஏற இலை மஞ்சளடித்துத் தளர்வது இயல்பு. கன்று ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றி எழுப்பப் பார்த்தால் வேர் அழுகும்.

பசளை விடயத்தில் நம்மவர்களுக்குக் கை நீளம். கோழி எரு, மீன் கழுவிய தண்ணீர், மாட்டெருப் பை எல்லாம் கத்தரிக்கும் புடோலுக்கும் இருக்கட்டும். நைதரசன் கூடினால் கொலம்பைன் இலையாகக் கொழுக்கும், தண்டு இளகிச் சாயும், அசுவினி தேடிவரும். வசந்தத்தில் ஒரு கைப்பிடி மக்கிய கூட்டெருவைக் கன்றைச் சுற்றி, கழுத்தில் படாமல் தூவினால் ஆண்டு முழுவதற்கும் காணும். புல்தரைக்குப் பசளை எறிகிறவர்கள் பாத்தி ஓரத்தில் கையை அடக்கி எறியுங்கள்.

பூத்தபிறகு கத்தரி

பூ உதிர்ந்த தண்டுகளை அடியோடு வெட்டுங்கள். விதைக்காக இரண்டு மூன்றை மட்டும் விட்டுவையுங்கள். விதை பிடிக்கிற வேலை குறைந்தால் இன்னும் கொஞ்ச நாள் பூக்கும், வேருக்கும் தெம்பு சேரும்.

யூன் கடைசியில் இலை பழுதாகி அசிங்கமாகத் தெரிந்தால், ஓராண்டுக்கு மேற்பட்ட கன்று எதையும் நிலத்திலிருந்து மூன்று நாலு சென்ரிமீற்றர் விட்டு முழுவதாக வெட்டிவிடலாம். பார்க்கப் பயமாக இருக்கும். ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள், சில வாரங்களில் புத்தம்புதிய இலைக்கொத்து வரும். அந்த ஆண்டு நட்ட கன்றுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

பூச்சியும் நோயும்

இலையில் வெள்ளைக் கோடு பாம்புபோல் வளைந்து வளைந்து போனால் அது இலைதுளைப்பான். பைத்தோமைசா என்ற சிறு ஈயின் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே இருந்து தின்றுகொண்டு போகிறது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கோட்டின் மெல்லிய முனையில் முட்டை இருந்திருக்கும். அகன்ற முனையில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும், அதுதான் ஆள். இரண்டு நகத்துக்கிடையில் வைத்து நசுக்கினால் கதை முடிந்தது. நிறைய இருந்தால் மேலே சொன்ன கத்தரிதான் வழி. வெட்டிய இலையைக் கூட்டெருக் குவியலில் போடாமல் கட்டி எறியுங்கள். கோடு விழுந்த இலையால் கன்று சாகாது. அழகு கெடும், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். புழு இலைக்குள்ளே இருக்கிறது, மேலே பூசுகிற எண்ணெய் அதற்கு எட்டாது. பிளபெல்லாற்றாவின் அழகே அந்த மெழுகுப் பூச்சுத்தான், எண்ணெய் அதையும் கெடுத்துவிடும். கடுமையான மருந்துகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருக்கிறது.

உண்மையில் பயப்படவேண்டியது வாள்ஈப் புழுவுக்கு. மே நடுவிலிருந்து யூன் வரை, கன்று பூத்து நிற்கும்போதே வரும். நேற்று முழுசாக இருந்த இலை இன்று நரம்பு மட்டுமாக நிற்கும். புழு இலையின் அதே பச்சை, இலை விளிம்போடு ஒட்டி நீட்டிப் படுத்திருக்கும், கண்ணுக்கு இலேசில் தெரியாது. கீழிலையில் கறுப்பு எச்சத்துணுக்குகளைக் கண்டால் அதற்கு மேலே உள்ள இலையின் விளிம்பைத் தடவிக்கொண்டு போங்கள், அகப்படும். சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தட்டிவிடுங்கள். காலையும் மாலையும் சில நாள் செய்தால் அடங்கிவிடும். முட்டைக்கோவாப் புழுவுக்கு அடிக்கிற பீ.ரி. (Bt) என்ற பக்ரீரியா மருந்து இங்கே பலிக்காது. அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு மட்டும் வேலைசெய்வது. இது குளவிக் குடும்பத்தின் பிள்ளை. கால்களைப் பார்த்துப் பிரித்தறியலாம். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு வயிற்றடியில் சதைக்கால் அதிகபட்சம் ஐந்து சோடி, வாள்ஈப் புழுவுக்கு ஆறு சோடி அல்லது அதற்கு மேல்.

இந்த வித்தியாசம் இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். கொலம்பைன் டஸ்கிவிங் என்ற சிறிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி தெற்கு ஒன்ராறியோவில் வாழ்கிறது. அதன் புழுவுக்குக் காட்டுக் கொலம்பைன்தான் உணவு. இலையைச் சுருட்டிப் பட்டுநூலால் கட்டி உள்ளே தலைபெரிய புழு ஒன்று தனியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

தேன்குழலின் நுனியில் சிறு ஓட்டை தெரிந்தால் அது நோயல்ல. நாக்குக் குறுகிய வண்டுத்தேனீ முன்வாசலால் எட்டமுடியாமல் பின்சுவரை உடைத்துத் தேன் எடுத்திருக்கிறது.

கோடைக் கடைசியில் இலைமேல் மாவு தூவினாற்போல் வந்தால் சாம்பல்நோய். வெட்டி எறியலாம், கன்று தப்பும். ஆனால் பிரித்தானியாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். கிழக்காசியாவிலிருந்து வந்த பெரனோஸ்போரா அக்குவிலீஜிக்கோலா என்ற அடிச்சாம்பல் நோய் அங்கே 2013இல் முதன்முதல் கண்டறியப்பட்டது. இலையின் மேற்பக்கம் நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டு, அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு, பூத்தண்டில் ஊதாக் கீற்று. இதற்கு மருந்து கிடையாது. கன்றை வேரோடு எடுத்துக் குப்பைக்குப் போடவேண்டும், அந்த மண்ணில் மறுபடி கொலம்பைன் வைக்கக்கூடாது. கடையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

முயலும் மானும் பெரும்பாலும் இதைத் தொடாது. கன்று முழுவதுமே நச்சு, விதையிலும் வேரிலும் அதிகம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நினைவிருக்கட்டும்.

குளிர்காலம்

மேப்பிள் இலை குவிந்து நனைந்து கழுத்தின்மேல் பாயாகப் படியவிடாதீர்கள், நவம்பரில் கையால் விலக்குங்கள். நிலம் நன்றாக உறைந்தபிறகு, விருப்பமானால், நத்தார் மரத்தின் கிளைகளை வெட்டி மேலே லேசாக வைக்கலாம். நோக்கம் சூடேற்றுவதல்ல. பெப்ரவரி வெயிலில் இளகி இரவில் உறைந்து மறுபடி இளகினால் மண் ஊதி, இளங்கன்றை வெளியே தள்ளிவிடும். நிழல் அதைத் தடுக்கும். மார்ச் கடைசியில் ஒரு சுற்றுப் பாருங்கள். வேர் வெளியே தெரிந்த கன்றை விரலால் அழுத்திக் குறுணி போட்டுவிடுங்கள்.

சாடியில் வைத்திருப்பவர்களுக்கு வேலை அதிகம். நிலத்தில் முப்பது பாகைக் குளிரைத் தாங்குகிற வேர், நாலாபக்கமும் காற்றடிக்கிற சாடிக்குள் தாங்காது. நிலத்தில் கிடங்கு வெட்டிச் சாடியோடு இறக்குங்கள். பல்கனிக்காரர்கள் பெரிய பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவர நுரைப்பலகை அடைத்துச் சுவரோரம் ஒதுக்கலாம். சூடேற்றாத கராஜ் இருந்தால் அதுதான் சிறப்பு, மாதத்துக்கு ஒரு தடவை ஒரு குவளைத் தண்ணீர் போதும். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் குளிர் கிடைக்காமல் அடுத்த ஆண்டு பூக்காது.

விதை: கன்றின் மிச்ச ஆயுள்

ஒரு கொலம்பைன் கன்று மூன்று நாலு ஆண்டு நன்றாக இருக்கும், அப்புறம் நடு மரத்துப்போய்ப் பூ குறையும். பிரித்து நட்டு ஆயுளைக் கூட்டப் பார்ப்பது பெரும்பாலும் வீண், ஆணிவேர் பிரிக்க இடங்கொடுக்காது. ஆகவே முதல் கன்று நன்றாக இருக்கும்போதே அதன் பிள்ளைகளை ஆயத்தம் செய்யவேண்டும்.

இங்கேதான் வகைக் கலப்பு குறுக்கே வருகிறது. 'கமியோ'வுக்குப் பக்கத்தில் 'மக்கானா' நின்றால் வண்டு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். பிள்ளை எந்த உயரத்தில் எந்த நிறத்தில் வரும் என்று சொல்லமுடியாது. ஒரு வளவில் ஒரு வகை என்று வைத்துக்கொண்டால் குட்டை குட்டையாகவே தொடரும். பிளபெல்லாற்றா முந்திப் பூப்பதால் மற்றவற்றோடு கலக்கிற வாய்ப்புக் குறைவு, விதையில் தாயைப் போலவே பெரும்பாலும் வரும். அயல்வீட்டு வண்டையும் கட்டுப்படுத்தமுடியாதுதான். அதற்கும் வழியுண்டு. நாற்றுப் பருவத்திலேயே இலையைப் பாருங்கள். தடிப்பாய், நீலச்சாம்பலாய் இருப்பவற்றை வைத்துக்கொண்டு, மெல்லிய வெளிர்பச்சை இலையோடு நெடுகுபவற்றைப் பிடுங்கிவிடுங்கள்.

பூ குனிந்திருந்தாலும் காய் நிமிர்ந்து நிற்கும். ஐந்து சிறு குழாய்களைச் சேர்த்துக் கட்டினாற்போல் இருக்கும் காய் பழுப்பாகி நுனி பிளக்கத் தொடங்கியதும், தண்டோடு வெட்டிக் கடதாசிப் பைக்குள் தலைகீழாகப் போட்டுக் குலுக்குங்கள். இரண்டு நாள் பிந்தினால் காற்று கொண்டுபோயிருக்கும்.

புதுவிதையை உடனே, யூலை ஓகஸ்டிலேயே, குறுணி போட்ட இடத்தில் தூவிவிடுவது மிக இலகு. மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். விதைமேல் மண் போடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். இலேசாக அழுத்தினால் போதும்.

சாடியில் எடுக்க விரும்பினால் சனவரியில் வெளியே விதைக்கலாம். அமெரிக்கர்கள் இதற்குப் பால் கலனைப் பாதியாக வெட்டுவார்கள். பையில் பால் வாங்குகிற நமக்கு அது வாய்க்காது. கடையில் முந்திரிகைப் பழம் (திராட்சை), சலாட் வருகிற மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி போதும். அடியிலும் மூடியிலும் துளையிட்டு, ஏழெட்டு சென்ரிமீற்றர் நாற்றுமண் போட்டு, நனைத்து, விதையைத் தூவி, மூடி, பனியில் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் முளைக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஈரத் துடைதாளில் சுற்றி, மூடுபையில் போட்டு மூன்று நாலு வாரம் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு, பிறகு 18 முதல் 20 பாகைச் சூட்டில் வெளிச்சத்தில் விதைக்கலாம். இரண்டு வாரத்தில் ஒன்று முளைக்கும், ஒரு மாதம் கழித்து இன்னொன்று முளைக்கும். தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

முதலில் இரண்டு வட்ட வித்திலைகள், பிறகு மூன்று மடலாகப் பிரிந்த உண்மையிலை. அப்படி இரண்டு மூன்று இலை கண்டதும், வேர் நீளுமுன், சிறு சாடிகளுக்கு மாற்றுங்கள். நாற்று பெரும்பாலும் முதல் ஆண்டு பூக்காது. ஒரு குளிர்காலம் தாண்டி, இரண்டாம் மே மாதத்தில்தான் பூ. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு நாற்றை விட்டுவந்தால் கிழவி போகும்போது குமரி தயாராக இருப்பாள்.

மிஞ்சிய விதையை நன்றாகக் காயவைத்துக் கடதாசி உறையில், காற்றுப்புகாத போத்தலில், குளிரான இடத்தில் வையுங்கள். ஓராண்டுக்குள் விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும், பிறகு ஆண்டுக்காண்டு குறையும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இந்த விதை கருங்கறுப்பாய், பளபளப்பாய், எள்ளளவில் இருக்கும். கருஞ்சீரகமும் இதே ரனன்குலேசியே குடும்பம்தான், பார்வைக்கும் கிட்டத்தட்ட அதே சாயல். கருஞ்சீரகம் மங்கலாய், கோணலாய், மணத்தோடு இருக்கும். இது மினுங்கும், மணக்காது, நச்சு. போத்தலில் பெரிய எழுத்தில் பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டி, மசாலாத் தட்டிலிருந்து தூரமாக, பேஸ்மென்ற்றில் வையுங்கள்.